மாடல் வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் போதும்

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். நவம்பர் 10 அன்று அமைதிக்கும் மேம்பாட்டுக்குமான உலக அறிவியல் தினத்தைக் கொண்டாடச் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலுக்கும் அமைதிக்கும் உள்ள தொடர்பை எப்படிப் புரியவைப்பது? பிள்ளைக்கு 350 ரூபாய் கொடுத்தால் மாடல்களோடு வந்து நிகழ்ச்சியை நடத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார்; ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கும் எரிமலையும் தெர்மாகோல் ராக்கெட்டும்தான் அந்தப் பெட்டியில் இருக்கும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கும் அதே பெட்டி வரும், பதாகை மட்டும் மாறும். அமைதி என்றால் என்ன என்று வரையறை எழுதிப் போடவும் வேண்டாம். ஒரே ஒரு கதை சொல்லுங்கள்.

1971-இல் போருக்குத் தப்பி கிழக்கு பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) லட்சக்கணக்கானோர் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில், வயிற்றுப்போக்கால் உடல் நீரை வற்றவைக்கும் காலரா பரவியது; நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களே குவளையில் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதற்கு அடிப்படையான ஆய்வுகள் கொல்கத்தாவில் மட்டுமல்ல, அன்று பாகிஸ்தானில் இருந்த டாக்காவிலும் நடந்தவை. இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்ட ஆண்டிலேயே அந்தப் பக்கத்து அறிவு இந்தப் பக்கத்து முகாமில் உயிர் காத்தது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

பிறகு வகுப்பிலேயே கலக்கட்டும்: கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் தண்ணீர் ஏன் போதாது என்று கேட்பார்கள். குடலுக்குள் சர்க்கரை உப்பின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும், தண்ணீர் பின்னாலேயே போய்விடும் என்றால் போதும்.

உப்பில் மட்டும் கவனம் தேவை. கலவை கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டுமே தவிர, சர்க்கரையைக் கூட்டிச் சரிசெய்யக் கூடாது. இது பாடத்துக்கான கலவை. வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலத்தையே பயன்படுத்த வேண்டும். அதிலும் பாதியைக் கரைத்து மீதியைப் பத்திரப்படுத்தும் பழக்கம் கூடாது, அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற பெயர் ஒட்டி அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்த பெற்றோர் அநேகர். அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது.

அணுகுண்டும் அறிவியல்தானே என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆமாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் தேதி மாலை சுற்றறிக்கை வரும், மூன்று புகைப்படம் கேட்கும், பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று கேட்காது. வங்கதேசத்தில் 1980 முதல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகச் சென்று உப்பும் வெல்லமும் கலக்கக் கற்றுக்கொடுத்தபோது, தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே கற்றுக்கொடுத்த பெண்களுக்கு ஊதியம் கொடுத்தார்கள். நீங்களும் ஒரு வாரம் கழித்து, கரும்பலகையில் எதுவும் எழுதாமல், அளவுகளைக் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையை அறிக்கையின் ஓரத்திலாவது எழுதிவையுங்கள். அதற்கென்று கட்டம் இருக்காது.