கனடாவின் பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) தோல் வணிகர்கள் பூர்வகுடிப் பெண்களை மணந்தது வெறும் வசதிக்காகத்தானா?

தொடக்கத்தில் பெரும்பாலும் வசதிதான், இரு தரப்புக்குமே. பெண் கொடுத்த குடும்பம் பிடிக்கும் தோல்கள் மருமகனின் வணிகக் கோட்டைக்கு வரும். பதிலுக்குச் சரக்கும் கடனும் கிடைக்கும். பனியில் நடக்கும் காலணிக்குத் தோல்வார் பின்னுவது, உலர்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பு கலந்து பெமிக்கன் செய்வது எல்லாம் மனைவியின் வேலை. அவள் இல்லாமல் அந்தக் குளிரைத் தாண்டுவதே கஷ்டம். திருமணத்துக்குப் பாதிரியார் கிடையாது, பெண் வீட்டாரின் சம்மதம் போதும்.

அநியாயம் அப்புறம்தான். தோல் வணிகர் வில்லியம் கோனொலி 1803-இல் க்ரீ இனப் பெண் சூசனை மணந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டு, 1832-இல் வெள்ளையினப் பெண் ஜூலியா வுல்ரிச்சைத் தேவாலயத்தில் மணந்தார். என்னால் ஏற்கவே முடியாத செயல் இது. பெற்றோர் இறந்தபின் சூசனின் மகன் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். 1867-இல் மாண்ட்ரியல் நீதிமன்றம், க்ரீ வழக்கப்படி நடந்த முதல் திருமணமே செல்லும் என்று தீர்ப்பளித்தது.