சின்னக் கிறிஸ்துமஸ் அப்ளிக் குவில்ட்டை வீட்டு மிஷினில் சுருக்கமில்லாமல் தைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சுவரில் மாட்டுகிற அளவில் ஒரு கிறிஸ்துமஸ் மரம், உச்சியில் நட்சத்திரம். வீட்டு மிஷினிலேயே முடிக்க வேண்டும், படத்தைச் சுற்றித் துணி சுருங்கக் கூடாது. குவில்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பது குவில்ட். மேல்துணியில் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைப்பது அப்ளிக்.

சுருக்கத்துக்குக் கைப்பழக்கம் போதாதது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இல்லை. பின்னணித் துணியைச் சரியான இறுதி அளவுக்கே வெட்டிவிடுவதும், அடியில் எந்தத் தாங்கலும் கொடுக்காமல் ஜிக்ஜாக் ஓட்டுவதும்தான் காரணம். ஜிக்ஜாக் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் துணியை இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் உள்ளே இழுக்கும். மரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் 16½ அங்குலத் துணி 16¼ ஆகியிருக்கும், அதுவும் ஒரே சீராக இல்லாமல். அதன்மேல் பார்டரை இழுத்துப் பொருத்தினால் அலை அலையாக நிற்கும்.

முடிந்தபின் 20½ அங்குலச் சதுரம் வரும்படி கணக்குச் சொல்கிறேன். துணி 44 அங்குல அகலமுள்ள காட்டன். பின்னணிக்கு வெளிர் நிறத்தில் அரை மீட்டர், பார்டருக்கும் பைண்டிங்குக்கும் (ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் பட்டை) சேர்த்துச் சிவப்பில் அரை மீட்டர், அடித்துணி 70 செ.மீ., பேட்டிங் 24 அங்குலச் சதுரம். மரத்துக்கு மூன்று விதப் பச்சையில் கைக்குட்டை அளவுத் துண்டுகள், தண்டுக்கும் நட்சத்திரத்துக்கும் வெட்டுத் துண்டுகள் போதும். நீளும் துணி, வழுக்கும் பாலியெஸ்டர் இரண்டும் முதல் குவில்ட்டுக்கு வேண்டாம்.

சிவப்பை நம்பாதீர்கள். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அப்படியும் சாயம் விட்டால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். துவைப்பதானால் எல்லாத் துணியையும் துவையுங்கள், ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் இருந்தால் பிற்பாடு தொல்லை. அப்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது படிந்த துணியில் பசை ஒட்டாது.

பின்னணியை 17½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அப்ளிக் முடிந்த பிறகுதான் 16½க்கு நறுக்க வேண்டும். இந்த ஒரு அங்குலம்தான் உங்கள் காப்பீடு.

மரத்தை மூன்று முக்கோண அடுக்காக வைப்பது எளிது: கீழ் அடுக்கு 8 அங்குல அகலம், 4½ உயரம்; நடு அடுக்கு 6½க்கு 4; மேல் அடுக்கு 5க்கு 3½. ஒன்றின் அடி அடுத்ததன் உச்சியை ஒரு அங்குலம் மூட வேண்டும். தண்டு 1½ அங்குலச் சதுரம், அதில் கால் அங்குலம் மரத்துக்கு அடியில் போகும். நட்சத்திரம் 2½ அங்குலம், மேல் அடுக்கின் உச்சியை ஒரு அங்குலம் மூடும். மொத்தம் ஏறக்குறைய 12¾ அங்குலம். 16 அங்குலத்தில் மேலும் கீழும் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் மூச்சுவிட இடம் இருக்கும். இன்னும் மணி, மெழுகுவத்தி, பனித்துளி என்று சேர்க்க ஆசை வரும். முதல் குவில்ட்டில் அடக்கிக்கொள்வது நல்லது.

ஒட்டுவதற்கு ஃப்யூசிபிள் வெப் வாங்குங்கள்: ஒருபக்கம் காகிதம், மறுபக்கம் சூட்டில் உருகும் பசை. மேலே தைக்கக்கூடிய லேசான வகையைக் கேட்டு வாங்குங்கள். தைக்கவே தேவையில்லை என்று விற்கும் கனமான வகையில் ஊசி பசைபிடித்து நூல் அறுந்துகொண்டே இருக்கும். உருவத்தைக் காகிதப் பக்கத்தில் வரைய வேண்டும். அது துணியின் பின்பக்கத்தில் ஒட்டுவதால் படம் இடவலமாக மாறி வரும். மரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது; ஒருபக்கம் சாய்ந்த காலுறைக்கும் எழுத்துகளுக்கும் தெரியும்.

வரைந்த கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே தள்ளித் தோராயமாக வெட்டுங்கள். பெரிய அடுக்குகளுக்குக் கோட்டின் உள்ளேயும் கால் அங்குலம் விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். பசை ஓரத்தில் ஒரு வளையமாக மட்டும் இருந்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் அட்டைபோல விறைத்து நிற்கும்.

இப்போது துணியின் பின்பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். எத்தனை வினாடி என்பது பொட்டலத்தில் இருக்கும், அதற்குமேல் போகாதீர்கள். சரியாக ஒட்டவில்லையோ என்று மறுபடி மறுபடி சூடு வைப்பவர்களுக்குத்தான் ஓரம் பிரியும். அதிகச் சூட்டில் பசை துணிக்குள் ஊறிப்போய் ஒட்ட எதுவும் மிஞ்சாது. ஆறிய பிறகு கோட்டின்மேல் நீண்ட வெட்டாக வெட்டுங்கள், கத்தரியை அசைக்காமல் துணியைத் திருப்புங்கள். காகிதத்தை ஓரத்தில் நகத்தால் கிளறி உரித்தால் இழை பிரியும். அதற்குப் பதில் உள்பக்கமாகக் குண்டூசியால் ஒரு கீறல் போட்டு, அங்கிருந்து உரியுங்கள்.

வைக்கும் வரிசை: தண்டு, கீழ் அடுக்கு, நடு, மேல், கடைசியில் நட்சத்திரம். வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை நட்சத்திரமானால் அடியில் உள்ள பச்சை நிழலாகத் தெரியும். பலரும் தைத்து முடித்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். நட்சத்திரத்துக்குப் பின்னால் அதே அளவில் இன்னொரு வெள்ளைத் துண்டை ஒட்டிவிடுங்கள், அல்லது பச்சையின் உச்சியை நட்சத்திரத்துக்குள் கால் அங்குலம் மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள்.

தைக்கும்போது பின்னணிக்கு அடியில் கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர், அதாவது துணி இழுபடாமல் தாங்கும் தாள், கட்டாயம். கிடைக்காவிட்டால் மெல்லிய வெள்ளைத்தாள் போதும், அச்சடித்த தாள் வேண்டாம், மை ஒட்டும். ஊசி 75 அல்லது 80 எண், புதியது. நூல் காட்டன், உருவத்தின் நிறத்தில். மேல்நூல் இறுக்கத்தை ஒரு படி குறையுங்கள். பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

பிளாங்கெட் தையல் உள்ள மிஷினானால் அகலம் 2.5 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்து, நேராக ஓடும் குத்து பின்னணியில் உருவத்தை உரசிக்கொண்டும், பக்கவாட்டுக் குத்து உருவத்தின் உள்ளும் விழும்படி ஓட்டுங்கள். ஜிக்ஜாக் மட்டும் இருந்தால் அகலம் 2, நீளம் 1. ஜிக்ஜாக்கை இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக ஓட்டும் சாட்டின் தையல் கடையில் பார்க்க அழகுதான். ஆனால் துணியை அதிகம் இழுப்பதும் அதுவே, முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன். நேர்த்தையல் மட்டுமே போடும் மிஷினா? ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே ஒரு நேர்க்கோடு போதும். பசை இருப்பதால் சட்டென்று பிரியாது, ஓரம் கொஞ்சம் பிசிறும், அவ்வளவுதான்.

தடுமாறுவது மூலைகளில்தான். கீழ் அடுக்கின் வலதுகைக் கூர்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். முனைக்கு மூன்று நான்கு குத்து முன்பே வேகத்தைக் குறைத்து, கைச்சக்கரத்தால் ஓட்டுங்கள். முனையைத் தாண்டிய முதல் குத்தில், ஊசி பின்னணியில் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைப் பாதி திருப்பி, மூலையை நோக்கி உள்ளே ஒரு குத்து, மறுபடி அதே ஓட்டைக்கு வெளியே வந்து மீதியைத் திருப்புங்கள். நட்சத்திரத்தின் உள்மடிப்பில் இது தலைகீழ்: ஊசி உருவத்துக்குள் இறங்கியிருக்கும்போது திருப்ப வேண்டும். வளைவுகளுக்கும் இதே விதி. எந்தப் பக்கம் வளைவு நீளமோ அந்தப் பக்கத்தில் ஊசி நின்றால் குத்துகளுக்கு இடையே ஆப்பு வடிவ இடைவெளி விழாது. முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போடாமல், நூலைப் பின்பக்கம் இழுத்துக் கையால் முடியுங்கள்.

தாளைக் கிழிக்கும்போது தையலை விரலால் பிடித்துக்கொண்டு கிழியுங்கள். பின்பு கவிழ்த்துப்போட்டு ஒரு துண்டுமேல் இஸ்திரி செய்து, மரம் நடுவில் வரும்படி 16½ சதுரமாக நறுக்குங்கள்.

பார்டருக்கு 2½ அங்குல அகலத்தில் துணியின் முழு அகலத்துக்கும் இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் 16½ அங்குலத்தில் ஒன்று, 20½ல் ஒன்று கிடைக்கும். குட்டையானவற்றைப் பக்கங்களிலும் நீளமானவற்றை மேலும் கீழும் தையுங்கள், தையல் இடம் கால் அங்குலம். சாதாரண ஃபுட்டின் ஓரத்தை அளவாக வைத்தால் பெரும்பாலும் அதைவிட அகலமாகப் போகும். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மிஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள்.

அடித்துணியைப் பின்பக்கம் மேலாக மேசையில் விரித்து, தொய்வில்லாமல் ஆனால் இழுக்காமல் ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மேலே பேட்டிங், அதன்மேல் மேல்துணி. அடித்துணியும் பேட்டிங்கும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் வெளியே நிற்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். அடித்துணியை அளவுக்கு மீறி இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கிக்கொள்ளும், பின்பக்கம் முழுக்க மடிப்பு விழும். பேட்டிங் மெல்லிய காட்டனாக இருக்கட்டும். உப்பலான பாலியெஸ்டர் சுவரில் தலையணைபோல் தெரியும், சூடான பெட்டி பட்டால் தட்டையாகவும் போகும்.

குவில்ட் தையலுக்கு வாக்கிங் ஃபுட் இருந்தால் நல்லது, மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். தையல் நீளம் 3 மி.மீ. முதலில் மரத்தைச் சுற்றி ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று. பிறகு கால் அங்குலம் தள்ளி ஒன்று, அதன்பின் அரை அரை அங்குலமாகப் பார்டர்வரை. இங்கே ஒரு எச்சரிக்கை. பின்னணியை நெருக்கமாகத் தைத்து மரத்தை வெறுமனே விட்டால், தைத்த இடம் சுருங்கி, மரம் வயிறுபோல உப்பும். அடுக்குகள் சேரும் ஓரங்களிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பிறகு எல்லா அடுக்கையும் 20½ சதுரமாக நறுக்குங்கள். மாட்டுவதற்கு இப்போதே ஏற்பாடு: இரண்டு 4 அங்குலச் சதுரங்களைக் குறுக்கே மடித்து, பின்பக்கத்து மேல் மூலைகளில் வெட்டு ஓரம் ஓரத்தோடு சேரும்படி வையுங்கள். பைண்டிங்கில் இவையும் பிடிபடும். 19 அங்குலக் குச்சியை இரண்டு பைகளிலும் செருகி, நடுவில் ஒரு ஆணியில் மாட்டலாம்.

பைண்டிங்குக்கு 2¼ அங்குலப் பட்டைகள் மூன்று. சுற்றளவு 82 அங்குலம், இணைக்கவும் திருப்பவும் 10 அங்குலம். துணியின் இரு ஓரக் கரையையும் நீக்கினால் இரண்டு பட்டையில் 84தான் வரும், எட்டாது. குறுக்குச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் மடித்து இஸ்திரி செய்து, முன்பக்கத்தில் வெட்டு ஓரங்களை ஒன்றாக்கி கால் அங்குலத்தில் தையுங்கள். மூலையிலிருந்து அல்ல, ஒரு பக்கத்தின் நடுவில், 6 அங்குல வால் விட்டுத் தொடங்குங்கள். மூலை வரும்போது கால் அங்குலம் இருக்க நிறுத்தி, திருப்பி, மூலைமுனை நோக்கிச் சாய்வாகத் தைத்து வெளியேறுங்கள். பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு மேல் ஓரத்தோடு சமமாகக் கீழே மடித்து, ஓரத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். கடைசியில் இரண்டு வால்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக 2¼ அங்குலம் படிய வெட்டி, சாய்வாக இணைத்தால் தளர்வும் இருக்காது, இறுக்கமும் இருக்காது. பின்பக்கம் மடித்து, முதல் தையல் மறையும்படி கையால் ஹெம்மிங். மூலையில் ஒரு பக்கத்தை முதலில் படியவைத்து, அடுத்ததை அதன்மேல் மடித்தால் முன்னும் பின்னும் 45 பாகையில் கோடு விழும்.