கேம்ப்கிரவுண்ட்ல ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க திணறுறவங்களுக்கு நாமளா போய் ஹெல்ப் பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம். ஆனா கேட்டுட்டு பண்ணுங்க, ஒரு தடவைதான் கேக்கணும், வேணாம்னா விட்டுடணும்.

கேள்வி கேட்டவர் "பக்கத்து சைட்டுக்கு (ட்ரெய்லர் நிறுத்தற இடத்துக்கு) வந்தவர் ரொம்ப நேரமா முன்னாடி பின்னாடி போய்ட்டே இருந்தார், போய் உதவுனா அவமானப்படுத்துற மாதிரி ஆயிடுமோன்னு சும்மா உக்காந்து பாத்துட்டு இருந்தோம்"னு எழுதியிருக்கார். அந்த தயக்கம் நியாயம்தான். நாங்க ஆஸ்டின் பக்கம் இருக்கோம், ஒரு ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன வீடு) வச்சிக்கிட்டு டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கா பாத்து சுத்திட்டு இருக்கோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா எந்த கேம்ப்கிரவுண்ட்லயும் இதுதான் ஓசி சினிமா. முன்னாடியே வந்து செட்டில் ஆனவங்க எல்லாம் சேர் போட்டு கையில ஏதாவது ஒண்ண வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, வர்றவன் ஆஃபீஸ் முடிச்சு ட்ராஃபிக்ல வெந்து, பின் சீட்ல குழந்தைங்க கத்த, இருட்டுறதுக்குள்ள நிறுத்திடணும்னு பதட்டத்துல வருவான், இத்தன பேர் பாக்குறாங்கன்னாலே கை தானா உதறும்.

இதுல இன்னொண்ணு, அமெரிக்காவுல பல பேருக்கு இதுக்குன்னு ஒரு ட்ரெய்னிங்கும் கிடையாது. பெரும்பாலான மாநிலத்துல வண்டியும் ட்ரெய்லரும் சேந்து 26,000 பவுண்டுக்குள்ள இருக்கற வரைக்கும் சாதா கார் லைசென்ஸே போதும். அதாவது வாழ்க்கையில ஒரு தடவை கூட ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்காதவர் காலையில 30 அடி ட்ரெய்லர் வாங்கி சாயங்காலமே கேம்ப்புக்கு கிளம்பி வந்துடலாம். கோவிட் நேரத்துல ஃப்ளைட்டும் வேணாம் ஹோட்டலும் வேணாம்னு எல்லாரும் இந்தப் பக்கம் சாஞ்சாங்க, 2021ல மட்டும் ஃபேக்டரில இருந்து 6 லட்சம் ஆர்வி (தங்கற வசதியோட இருக்கற வண்டி, ட்ரெய்லர் எல்லாம் சேத்து) வெளிய போச்சு, அதுவரைக்கும் அவ்ளோ போனதே இல்ல. அதுல ட்ரெய்லர்தான் பெரும்பங்கு. அதனால திணறுறவரைப் பாத்து சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

ட்ரெய்லர் இழுக்காதவங்களுக்காக இது ஏன் கஷ்டம்னு சுருக்கமா சொல்லிடறேன். ரிவர்ஸ்ல ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறமோ அதுக்கு எதிர்ப்பக்கமா ட்ரெய்லரோட பின்பக்கம் போகும். அதனாலதான் கையை ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் வச்சிக்கிட்டு, ட்ரெய்லர் வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமா கையை நகத்துன்னு சொல்லித் தருவாங்க, அப்படி பண்ணா மூளை குழம்பாது. குட்டி ட்ரெய்லர்னா ஈஸின்னு நினைப்போம், உண்மையில நீளமானதுதான் மெதுவா திரும்பும், குட்டி ட்ரெய்லர் சட்டுனு மடங்கிடும். ரொம்ப மடங்குச்சுன்னா இழுக்கற பிக்கப் ட்ரக்கோட பம்பர் மூலை ட்ரெய்லரோட முன்பக்கத்துல போய் இடிக்கும். இதுக்கு மேல, நிறுத்த வேண்டிய சைட், ரோட்டுக்கு வலது பக்கம் இருந்தா ட்ரெய்லர் உள்ள திரும்ப ஆரம்பிச்ச உடனே வலது பக்க கண்ணாடில வெறும் ட்ரெய்லர் சுவர்தான் தெரியும், பின்னாடி வலது மூலை எங்க போகுதுன்னு ட்ரைவருக்கு சுத்தமா தெரியாது.

அந்த மூலையும் மேல இருக்கற கூரையும்தான் நம்ம வேலை. மத்ததெல்லாம் ட்ரைவர் வேலை.

இதை எனக்கு புரிய வச்சது எங்க மாமனார். நாமக்கல்ல லாரி வச்சிருந்தவர், விசிட்டர் விசால வந்திருந்தப்போ எங்களோட இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குக்கு வந்தார். எதிர் சைட்ல ஒரு இளம் ஜோடி மாட்டிக்கிட்டாங்க, சுத்தி நின்னு மூணு பேர் ஆளாளுக்கு கத்துறாங்க, ஒருத்தர் லெஃப்ட்ங்கறார், ஒருத்தர் ஸ்டியரிங்கை நேர் பண்ணுங்கறார், அந்தப் பொண்ணு வேற தனியா கை காட்டிட்டு இருக்கு. மாமனார் கொஞ்ச நேரம் பாத்துட்டு சொன்னார், "க்ளீனர் பையன் ஸ்டேரிங்கைப் பத்தி பேசப்படாதுங்க மாப்ள. பொறகால என்ன இருக்குதுன்னு மட்டுந்தான் சொல்லோணும்." சொல்லிட்டு எழுந்து வேற போய்ட்டார், நம்மூர் பழக்கத்துல ட்ரெய்லர் பாடியை ரெண்டு தட்டு தட்டி வரலாம்னு சொல்லப் போறார்னு பயந்து நானும் பின்னாடியே ஓடுனேன் (அந்த அலுமினிய ஷீட்டுக்கு லாரி தட்டு எல்லாம் தாங்காது). நல்லவேளை தட்டல. அண்ணாந்து பாத்துட்டு என்கிட்ட கையை மேல காட்டுனார். லைவ் ஓக் மரம் தெரியும்ல, மேல போகாம பக்கவாட்டுல படர்ற மரம், அதோட ஒரு கிளை கூரை மேல இருக்கற ஏசிக்கு ஒரு முழம் தள்ளி நிக்குது. சுத்தி நின்ன அத்தன பேரும் டயரையே பாத்துட்டு இருந்தாங்க, ஒருத்தரும் மேல பாக்கல. நான் ட்ரைவர் ஜன்னல் பக்கம் போய் கிளை இருக்குன்னு சொன்னேன், அவர் இறங்கி வந்து பாத்தார், அப்புறம் முன்னாடி எடுத்துட்டு வேற கோணத்துல வந்தார். அவ்ளோதான், மீதியை அவரே பாத்துக்கிட்டார். ஏசி மூடி உடைஞ்சா கூட மாத்திடலாம், கூரை பல ட்ரெய்லர்ல மெல்லிசான ரப்பர் ஷீட்டுதான், கிளை கிழிச்சிட்டா அடுத்த மழைக்கு தண்ணி உள்ள இறங்கும், உள்ள இருக்கறது மரச்சட்டம், ஊறிப்போச்சுன்னா ட்ரெய்லரே போச்சு.

நம்மூர்ல யாரும் கேக்க மாட்டாங்க. கார் பார்க் பண்ண நின்னாலே டீக்கடைல இருந்து ஒருத்தர் வந்து "வா வா வா, ஒடி ஒடி, ஃபுல்லா ஒடி"ன்னு ஆரம்பிச்சிடுவார், நாமளும் தப்பா நினைக்க மாட்டோம். இங்க கொஞ்சம் வேற. ட்ரைவரைப் பாத்து, கண் பட்டதும், "உங்களுக்கு ஒரு ஸ்பாட்டர் வேணுமா, இல்ல நான் ஒதுங்கிக்கவா?"ன்னு கேளுங்க (ஸ்பாட்டர்னா பின்னாடி நின்னு பாத்து வழி சொல்ற ஆள்). ரெண்டாவது பாதியையும் சேத்து கேக்கறது முக்கியம், அப்பதான் வேணாம்னு சொல்றதுக்கு அவருக்கு ஈஸியா இருக்கும். வெறும் "ஹெல்ப் வேணுமா"ன்னு கேட்டா ரோஷத்துல வேணாம்பாங்க, இல்ல மரியாதைக்காக சரிம்பாங்க.

யாரு ஸ்டியரிங்ல இருக்காங்களோ அவங்களைக் கேளுங்க. ஒரு லேடி ஓட்டிட்டு வந்தா பக்கத்துல நிக்கற புருஷன்கிட்ட போய் பேசறவங்களை நிறைய பாத்திருக்கேன், எரிச்சலா இருக்கும். ஒரு தடவை ரிட்டயர் ஆன வயசுல ஒரு அம்மா தனியா பெரிய ஃபிஃப்த் வீலோட (ட்ரக் தொட்டிக்குள்ளயே மாட்டற ட்ரெய்லர்) வந்தாங்க, அது 13 அடி உயரத்துக்கு நிக்கும். ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க, எல்லாருக்கும் சிரிச்சிட்டே "தேங்க்ஸ், நான் பாத்துக்கறேன்"னுட்டாங்க, ஒருத்தர் மட்டும் கேக்காம பின்னாடி நின்னு கை ஆட்டிட்டே இருந்தார். அந்தம்மா அவரைக் கண்டுக்கவே இல்ல. கொஞ்சம் ரிவர்ஸ் எடுப்பாங்க, இறங்கி பின்னாடி நடந்து போய் பாப்பாங்க, மரம், தண்ணி பைப், கரண்ட் பெட்டி எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துட்டு திரும்ப ஏறுவாங்க. நேரம் எடுத்துச்சு, ஆனா கோடு போட்ட மாதிரி நிறுத்துனாங்க. சந்தேகம்னா இறங்கிப் பாருங்கறதுதான் இங்க ட்ரெய்லர் ஓட்டக் கத்துக்கறவங்களுக்கு சொல்ற முதல் பாடம். இறங்கி இறங்கிப் பாக்கறவங்க திணறல, சரியா பண்றாங்க, அவங்களை அவசரப்படுத்தாம இருந்தாலே போதும். நான் அன்னிக்கு பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், எதிர்ல ரோட்டோரம் நின்ன என் ட்ரக்கை உள்ள தள்ளி விட்டேன், அவங்க ட்ரக் மூக்கு சுத்த இடம் கிடைச்சுது. ஜன்னல் வழியா கையைத் தூக்கிக் காட்டுனாங்க.

சரின்னு சொல்லிட்டாங்கன்னா, வண்டி நகர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேசிக்கணும். லெஃப்ட் ரைட்டுங்கற வார்த்தையே வேணாம், ஸ்டியரிங்கோட லெஃப்ட்டா, ட்ரெய்லர் வாலோட லெஃப்ட்டா, எதிர்ல நிக்கற உங்க லெஃப்ட்டான்னு ஆளுக்கு ஒண்ணு புரிஞ்சிக்கும். ட்ரைவர் சைடு, பேசஞ்சர் சைடுன்னு சொல்லுங்க, வால் போக வேண்டிய பக்கத்தை கையால காட்டுங்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வச்சா ஸ்டாப், அதுல எந்த குழப்பமும் இருக்கக் கூடாது. அவரோட கண்ணாடில அவர் முகம் உங்களுக்கு தெரியலன்னா உங்களை அவருக்கும் தெரியாது, அதனால தெரியற இடத்துலயே நில்லுங்க, ட்ரெய்லருக்கும் மரத்துக்கும் நடுவுல மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீங்க. உங்களைத் தெரியலன்னா வண்டியை நிறுத்திடணும்னு அவர்கிட்டயும் சொல்லி வச்சிடுங்க. மறைவான பக்கம் பாக்கணும்னா ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சுப் பேசறது கத்தறதை விட நூறு மடங்கு மேல். அப்புறம் ஒரே ஒரு ஆள்தான் சொல்லணும். அவங்க மனைவி ஏற்கனவே கை காட்டிட்டு இருந்தா நீங்க அவங்களுக்கு இன்னொரு ஜோடி கண்ணா இருங்க, அவங்க மூலமா சொல்லுங்க. புருஷன் பொண்டாட்டி சண்டை ஆரம்பிச்சிடுச்சுன்னா ரெண்டு பக்கமும் சேராதீங்க, நாளைக்கு அவங்க ஒண்ணா காஃபி குடிப்பாங்க, நீங்கதான் கெட்டவர் ஆவீங்க.

ஓட்டித் தரச் சொல்லி சாவியை நீட்டுவாங்க சில பேர். நான் ஒத்துக்கவே மாட்டேன். அடுத்தவர் ட்ரக், அடுத்தவர் ட்ரெய்லர், பிரேக் எப்படி பிடிக்கும்னு கூட தெரியாது.

எதுவுமே கேக்காம பண்ணக்கூடிய உதவிதான் பல நேரத்துல பெரிய உதவி. ட்ரக் ரோட்டுக்கு குறுக்க நிக்கும்போது பின்னாடி ரெண்டு மூணு வண்டி வந்து நிப்பாங்க, அதுதான் ட்ரைவருக்கு அதிக டென்ஷன், நீங்க நடந்து போய் அந்த வண்டிக்காரங்ககிட்ட "ரெண்டு நிமிஷம் ஆகும்"னு சொல்லி நிறுத்தி வைங்க. சைக்கிள்ல சுத்துற பசங்களை ஓரங்கட்டுங்க. இருட்டிட்டா டார்ச்சை கண்ணாடில அடிக்காதீங்க, மரத்து அடியிலயும் கரண்ட் பெட்டி மேலயும் அடிங்க, நல்லா தெரியணும்னு உங்க கார் ஹெட்லைட்டை போட்டு விடாதீங்க, அவர் கண்ணு கூசி உள்ளதும் தெரியாம போயிடும்.

உள்ள வந்து நின்ன உடனே கை தட்டிட்டு கிளம்பாம, ட்ரக்ல இருந்து ட்ரெய்லரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லலாம். கரண்ட், தண்ணி, சீவர் (கழிவு நீர்) கனெக்‌ஷன் பெரும்பாலும் ட்ரைவர் பக்கம்தான் இருக்கும், ஹோஸ் எட்டுதா, ஸ்லைட் அவுட் (வெளிய நீட்டற அறைப் பகுதி) வெளிய வந்தா கரண்ட் பெட்டில இடிக்காதா, கதவு திறந்தா பிக்னிக் டேபிள்ல முட்டாதா. அப்பவே பாத்தா ரெண்டு அடி முன்ன பின்ன நகத்துறது சுலபம், எல்லாம் கழட்டுன பிறகு தெரிஞ்சா மறுபடியும் முதல்ல இருந்து.

ஆனா கழட்ட ஆரம்பிச்சிட்டாங்கன்னா வாயை மூடிக்கணும். "எந்த ஊரு, எவ்ளோ நாள் தங்குறீங்க"ன்னு அன்பா பேச்சு கொடுக்கற ஆளாலதான் சக்கரத்துக்கு கட்டை வைக்க மறக்கும், கட்டை வைக்காம ட்ரக்கோட ஹிட்ச் பால்ல (ட்ரெய்லரை மாட்டற இரும்பு உருண்டைல) இருந்து தூக்கிட்டா சரிவுல ட்ரெய்லர் தானா உருளும். மாட்டும்போதும் அப்படித்தான், சேஃப்டி செயின், லைட் ஒயர், லாக் பின்னுன்னு வரிசையா மனசுல ஓடிட்டு இருக்கும், நடுவுல ஒரு கேள்வி கேட்டா ஒண்ணு விட்டுப்போகும். ஃபிஃப்த் வீல்ல லாக் சரியா விழாம கிளம்புனா ட்ரெய்லர் மூக்கு நேரா ட்ரக் தொட்டி மேல விழும். அரட்டை அடிக்க ராத்திரி முழுக்க நேரம் இருக்கு.

கிளம்புற அன்னிக்கு காலையில மட்டும் யாரும் வேணாம்னு சொல்லாத ஒரு உதவி இருக்கு. பின்னாடி நின்னு பிரேக் லைட், ரெண்டு இண்டிகேட்டர் எரியுதான்னு பாத்து சொல்றது, தனியா வர்றவங்களுக்கு இது பெரிய விஷயம். அதோட, ஆன்டெனா மேலயே நிக்குது, படி வெளியவே நீட்டிட்டு இருக்கு, கரண்ட் ஒயர் இன்னும் பெட்டில சொருகியே இருக்குன்னு பாத்தீங்கன்னா அப்ப அனுமதி எல்லாம் கேட்டுட்டு இருக்காதீங்க, ரெண்டு கையையும் குறுக்க வச்சிக்கிட்டு ட்ரைவருக்கு தெரியற மாதிரி ஓடுங்க.