வாசகர் கேள்விகள்: பிடிமண்ணும் மீன்சட்டியும்

கேள்வி: எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து கொண்டுபோய் வைக்கும் புரவி எடுப்பு விழாவுக்கு இனி மண்குதிரை வேண்டாம், சிமெண்டில் ஒரேயடியாகச் செய்து வைத்துவிடலாம் என்கிறார்கள். நீங்கள் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் பிறந்தவர். என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: வேண்டாம் தம்பி. கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் புரவி வேலை எப்படித் தொடங்கும் தெரியுமா? ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்து, ஒரு பிடி மண்ணை எங்கள் அய்யா கையில் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அன்றிலிருந்து குதிரை கோயிலுக்குப் போகும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது. தேவிபட்டினம் பக்கம், தெருவெல்லாம் மீன் குழம்பு மணக்கும்போது எங்கள் அடுப்பில் மட்டும் பருப்பு கொதிக்கும்.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்போம். முதலில் நான்கு கால்களை நிறுத்த வேண்டும். அவை இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, தலை. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். உள்ளே கூடாக இருந்தால்தான் சூட்டில் வெடிக்காது. வைக்கோலும் எருவும் மூடிச் சுட்டு எடுத்து, அய்யா கண் திறப்பார். ஊரே தோள் கொடுத்துத் தூக்கிப் போகும்.

மூக்கு போன, காது போன பழைய குதிரைகளைக் கோயில் வாசலில் பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதிது வரும், அதற்காக மறுபடி பிடிமண் கொடுப்பார்கள். சிமெண்ட் குதிரை வந்துவிட்டால் எங்கள் வாசலுக்கு யார் வருவார்கள்? அய்யாவோடு கால் நிறுத்தப் பழகிய என் தம்பி இன்று செங்கல் சூளையில் கூலிக்குக் கல் அறுக்கிறான். எங்களுக்குப் பிடிமண் கொடுத்த ஊர் சிமெண்டுக்கு மாறிய பிறகு நடந்தது அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பத்துக் குதிரைக்குப் பணம் இல்லையென்றால் இரண்டு செய்யுங்கள். வேளாருக்கு ஊர்க் கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் தனி ஆளாக நிற்பதைவிட ஊர்க்காரர்கள் கூடப் போனால் வேலை நடக்கும்.

கேள்வி: புது மீன்சட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூக்கிறது. அங்கங்கே சில்லும் பெயர்கிறது. சட்டி கெட்டதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: இரண்டும் வேறு வேறு அம்மா. வெள்ளை பூப்பது உப்பு. மண்ணிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரம் காயும்போது வெளியே வருகிறது. துடைத்துவிட்டுப் புழங்கலாம். சில்லு பெயர்ந்தால் கடற்கரை மணல் கலந்திருக்கலாம். அதில் கிளிஞ்சல் தூள் இருக்கும். சுடும்போது அது சுண்ணாம்பாகி, பின்னால் ஈரம் பட்டதும் பருத்து மண்ணைத் தள்ளிவிடும். அதனால்தான் அய்யா கடல் மணலைத் தொடவே மாட்டார், வைகை மணல்தான் வேண்டும் என்பார். அடுத்த சட்டியை வாங்கும்போது சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். சோப்பு போடாதீர்கள், சட்டி அதைக் குடித்துவிடும்.

கேள்வி: தொல்லியல் அகழாய்வு நடந்த அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓடுகள் வெளிநாட்டுப் பானைகளின் ஓடுகள் என்கிறார்களே?
– ஒரு மாணவர், பனைக்குளம்

பதில்: ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன, உண்மை. ஆனால் 1986 முதல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து கீறிய ஓடுகளும், கப்பல் படம் கீறிய ஓடும் வந்தன. வாயைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கருக்கும், வெளிப்புறம் சிவக்கும். அது இந்த நாட்டு வேட்கோவர், அதாவது குயவர், கைவேலை. படிக்கும்போதே எனக்கு அய்யாவின் சூளை நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கம் ஓடு கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள் தம்பி. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிப்பார்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.