வளாக வாசலில் கைரேகை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், அடுக்குமாடி வளாகம் ஒன்றில் சொந்த வீடு வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் வளாகத்தில் திருட்டுப் பயம் அதிகமானதால், வாசல் கதவைக் கைரேகை வைத்தால் மட்டுமே திறக்கும்படி மாற்றிவிட்டார்கள். ஆண்டுக் கூட்டத்தில் பெரும்பான்மையோர் கைதூக்கினார்கள் என்பதால் எல்லோரும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 74 வயதான என் அம்மா துணி ஆலையில் முப்பது ஆண்டு தையல் வேலை பார்த்தவர். அவருடைய விரலை அந்தக் கருவி பத்தில் ஏழு முறை ஏற்பதில்லை, காவலாளி வந்து திறக்கும் வரை மழையிலும் நிற்கிறார். நடைபாதையில் புதிதாக மாட்டிய கேமரா, எங்கள் கதவு திறந்தால் சமையலறை வரைக்கும் பார்க்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?”

முதலில் சட்டம் எது என்பதைப் பார்த்துவிடுவோம். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமையைத் தருகிறது. அந்த உரிமைக்கு அன்றாட வடிவம் கொடுப்பது 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டமான தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். இங்கே எல்லோரும் போப்பியா என்றே சொல்கிறோம். இதன் பெரும்பகுதி 1 ஜூலை 2020 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள ஓராண்டு அவகாசம் இருந்தது, அது முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே “நாங்கள் சின்ன வளாகம், இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு” என்று வளாகத்தை நிர்வகிக்க உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள் சொன்னால் அது செல்லாது. உங்கள் உரிமையாளர் மன்றமான பாடி கார்ப்பரேட்தான் இந்தத் தகவலுக்குப் பொறுப்பாளி; கருவியை மாட்டிய செக்யூரிட்டி நிறுவனம் அதன் சார்பில் வேலை செய்யும் ஏவலர் மட்டுமே, அந்த ஏற்பாடும் 21-ஆம் பிரிவின்படி எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கைரேகை, கண்விழித்திரை, குரல், மரபணு ஆகியவற்றை இந்தச் சட்டம் உடல்சார் அடையாளமாகப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சமயம், உடல்நலம், இனம் போன்றவற்றோடு சேர்த்து ‘சிறப்புத் தகவல்’ என்ற கூண்டில் வைத்திருக்கிறது. 26-ஆம் பிரிவு சொல்லும் பொது விதி, இதைத் தொடவே கூடாது என்பது. தொடுவதற்கான விலக்குகள் அதற்கு அடுத்த பிரிவுகளில் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. “நாங்கள் விரலின் படத்தை வைத்துக்கொள்வதில்லை, சில புள்ளிகளை எண்களாக மாற்றித்தான் சேமிக்கிறோம்” என்று கருவி விற்பவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்களை வைத்து உங்கள் அம்மாவை ஐம்பது பேரில் பிரித்தறிய முடிகிறது என்றால், அதுவும் இந்தக் கூண்டுக்குள் வருவதுதான். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

விலக்குகளில் வளாகங்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்வது ஒப்புதல். சட்டம் ஒப்புதலை, தானாக முன்வந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து தெரிவிக்கும் விருப்பம் என்று வரையறுக்கிறது. அது கிடைத்தது என்று நிரூபிக்கும் சுமை 11-ஆம் பிரிவின்படி வாங்கியவருடையது, கொடுத்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கூட்டத்தில் எழுபத்தைந்து பேர் கைதூக்கினாலும் எழுபத்தாறாவது ஆளின் விரலுக்கு அவர்கள் ஒப்புதல் தந்ததாக ஆகாது. அம்மாவோ உரிமையாளரே அல்லர், அவருக்கு அங்கே வாக்குகூட இல்லை. இன்னொரு வழி இல்லாத இடத்தில் “விரல் வை, இல்லாவிட்டால் வெளியே நில்” என்று வாங்குவதைத் தானாக முன்வந்து தந்தது என்று வாதிடுவது, என் பார்வையில், மிகவும் கடினம்.

இந்த நாட்டில் நம்மவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. 1907-ல் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் பத்து விரல்களையும் கேட்டபோது, மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் பதிவு செய்ய மறுத்துச் சிறை சென்றார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காந்தி சமரசம் செய்துகொண்டு, தானாகத் தருவது வேறு, கட்டாயத்தில் தருவது வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சமரசம் உடைந்ததும் 16 ஆகஸ்ட் 1908 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி முன்பு பதிவுச் சான்றிதழ்கள் தீயில் போடப்பட்டன.

சில செக்யூரிட்டி நிறுவனங்கள் 33-ஆம் பிரிவைக் காட்டும். தகவலைச் சட்டப்படி பெற்ற பொறுப்பாளிகளுக்குத் தடை பொருந்தாது என்று அது சொல்வது மெய்தான். ஆனால் அது வட்டமடிக்கும் வாசகம்: சட்டப்படிதான் பெற்றீர்களா என்ற கேள்விக்கு விடை காண மறுபடியும் மற்ற நிபந்தனைகளுக்கே திரும்ப வேண்டும். அவற்றில் உங்களுக்குக் கூர்மையான ஆயுதம் 10-ஆம் பிரிவு. நோக்கத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தகவல் எடுக்கக் கூடாது என்கிறது அது. கருவியில் காட்டினால் கதவைத் திறக்கும் சிறு வில்லையான டேக்கோ இரகசிய எண்ணோ அதே கதவைத் திறக்கும் என்றால் விரல் எதற்கு என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். திருட்டுப் பயம் நியாயமான காரணம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஆயினும் பத்தில் ஏழு முறை பிழை செய்யும் கருவி திருடனைத் தடுப்பதாகச் சொல்வது எப்படி என்றும் கேட்கலாம்.

கேமரா வேறு கணக்கு. நடைபாதை வளாகத்தின் உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அங்கே கேமரா வைப்பதே தவறு என்று சொல்ல முடியாது. 1996-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெர்ன்ஸ்டீன் வழக்கில், வீட்டின் உள்ளே அந்தரங்கம் மிக வலுவாக இருக்கும், வெளியுலகத்துக்குள் நகர நகர அது சுருங்கும் என்று விளக்கியது. உங்கள் வாசற்படிதான் அந்த எல்லை. கோலமிடும் இடம் வரை கேமரா பார்க்கலாம், அடுப்படி வரை பார்க்கத் தேவையில்லை. கோணத்தைத் திருப்புவது அல்லது கதவுப் பகுதியை மென்பொருளில் கறுப்பாக மறைப்பது பத்து நிமிட வேலை. பதிவாகிறது என்ற அறிவிப்பு, யார் பார்க்கலாம் என்ற விதி, எத்தனை நாளில் அழியும் என்ற கெடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் கேமராவை வேண்டுமென்றே உங்கள் பக்கம் திருப்பினால், அவர் குடும்ப உபயோகம் என்று போப்பியாவிலிருந்து நழுவப் பார்ப்பார். அப்போது 2011-ஆம் ஆண்டின் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க வழியுண்டு.

இனி செய்ய வேண்டியது. டிரஸ்டிகளுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பிரிவின் கீழ் கைரேகை எடுக்கிறீர்கள், எங்கே சேமிக்கிறீர்கள், வீட்டை விற்றுப் போனவரின் ரேகை எப்போது அழிகிறது, தகவல் அதிகாரி யார் என்று கேளுங்கள். உங்களைப் பற்றிய தகவல் தங்களிடம் இருக்கிறதா என்பதை 23-ஆம் பிரிவின்படி அவர்கள் கட்டணமின்றி உறுதிசெய்ய வேண்டும். அம்மாவின் பெயரில் தனியாக, அவர் கையெழுத்துடன், ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகவும் டேக் வேண்டும் என்றும் எழுதுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண் இருந்தால் அவருடைய விரலுக்கும் நீங்கள் ஒப்புதல் தர முடியாது, அவரே தர வேண்டும்.

பதில் வராவிட்டால் இரண்டு கதவுகள் உண்டு. தகவல் ஒழுங்காற்று ஆணையத்துக்கு ஐந்தாம் எண் படிவத்தில் புகார் செய்யலாம்; அதன் அமலாக்க அறிவிப்பை மீறினால் வழக்கும், 1 கோடி ராண்ட் வரை அபராதமும் வரலாம். நடைமுறையில் விரைவாகத் தோன்றுவது, குடியிருப்பு வளாகத் தகராறுகளை விசாரிப்பதற்கென்றே அமைந்த சி.எஸ்.ஓ.எஸ். (Community Schemes Ombud Service) என்ற ஓம்புட்ஸ்மன் அமைப்பு. கைரேகையை வளாக நடத்தை விதியாகவே ஆக்கியிருந்தால், அது சிறப்புத் தீர்மானத்தால் நிறைவேறியதா, தலைமை ஓம்புட்ஸ்மனின் சான்றிதழ் பெற்றதா என்று பாருங்கள். விதிகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய வளாகங்களின் நிர்வாகத்துக்கான 2011-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டத்திலேயே இருக்கிறது.

கடிதத்துக்குப் பதில் வரும் வரை அம்மா வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பதைக் காவலாளியின் வருகைப் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் உங்கள் வீட்டு நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.