அடுப்பை அணைத்தேனா, மாத்திரை போட்டேனா?

கேள்வி: எனக்கு வயது 48. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடை கிராணி வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு ஷிப்ட். இனிப்பு நீருக்கு ஒன்பது வருடமாக மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் சாப்பிடுகிறேன். அரிப்புக்கு மருந்துக் கடையில் வாங்கும் சின்ன மஞ்சள் மாத்திரையும் அடிக்கடி போடுவேன். சமீபத்தில் இரண்டு முறை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கருகிய வாடை வந்த பிறகுதான் ஓடினேன். மோட்டார் சைக்கிள் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். மாத்திரை போட்டேனா என்றுகூட சந்தேகம் வருகிறது. என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது. எனக்கும் அதுதானா டாக்டர்?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதில் மறதி நோயின் சாயல் குறைவு. வாடை வந்ததும் பருப்பு வைத்தது உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. மறதி நோயில் பெரும்பாலும் வைத்த நினைவே இருக்காது. உங்களிடம் நழுவுவது கவனம். அது நழுவ உங்கள் கடிதத்திலேயே நான்கு காரணங்கள் தெரிகின்றன.

முதலில் அந்த மஞ்சள் மாத்திரை. அது குளோர்பெனிரமினாக இருக்கலாம், அட்டையைப் பாருங்கள். தூக்கத்தையும் மந்தத்தையும் தரும் மருந்து அது. இரவு போட்டால் மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும். மயக்கம் குறைந்த லோராடடின் 10 மி.கி. உங்களுக்குப் பொருந்துமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

அடுத்தது பி12 வைட்டமின் குறை. மெட்ஃபோர்மின் பல வருடம் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் குடலில் இந்த வைட்டமின் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு மெதுவாகத்தான் கரையும் என்பதால் குறை வெளியே தெரியவே வருடங்கள் ஆகும். இந்தக் குறையால் கால் மரத்துப்போவதை இனிப்பு நீரின் தலையில் போட்டுவிட்டு பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மெட்ஃபோர்மின் சாப்பிடுபவர்களுக்குக் குறைபாட்டின் அறிகுறி இருந்தால் பி12 அளவைச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. குறை இருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும். மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, கிளிக்லசைட். இரவு ஷிப்டில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், முதலில் தடுமாறுவது கவனம்தான். தலை மந்தமாகும்போது விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இரவு வாரத்துக்கு மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நான்காவது, தூக்கம். விடியற்காலை 3 முதல் 5 மணி வரை மூளை மிக மந்தமாக இருக்கும் நேரம். ஷிப்ட் முடிந்து கண் சொக்கினால் 15, 20 நிமிடம் தூங்கி எழுந்து, தெளிந்த பிறகு வண்டியை எடுங்கள். கருகிய பருப்பைவிட எனக்குக் கவலை தருவது இந்தப் பயணம்தான்.

இனி அன்றாடத் தவறுகள். முதலில் வண்டிச் சாவி. வண்டி ஓட்டும்போது வீடு வந்து சேர்வதுதான் நோக்கம். வந்ததும் மனம் அந்த வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும், சாவி எடுப்பது என்ற கடைசிப் படி அநாதையாக நிற்கும். பல ஏ.டி.எம். இயந்திரங்கள் கார்டை முதலில் தந்துவிட்டுப் பிறகு பணம் தருவது இதனால்தான். வீட்டுச் சாவியையும் வண்டிச் சாவியையும் ஒரே வளையத்தில் போடுங்கள், எடுக்காமல் கதவு திறக்காது.

அடுப்பு வேறு கதை. பற்றவைக்கும் முன்பே கைப்பேசியில் அலாரம் வைத்து, அதை இடுப்பிலோ பையிலோ கூடவே வைத்திருங்கள். கதவைத் தட்டினாலோ அழைப்பு வந்தாலோ அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். வெளியே கிளம்பும்போது கேஸ் தோங்கின் ரெகுலேட்டரை விரலால் சுட்டி, "அடைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலைச் சுட்டிக் குரல்கொடுப்பது இதே முறைதான். கண், கை, வாய் மூன்றும் சேர்ந்தால் செய்த காரியம் மனதில் பதியும்.

மாத்திரை தினமும் ஒரே மாதிரி போடுவது, அதனால் நேற்றையதும் இன்றையதும் மனதில் கலந்துவிடும். நினைவை நம்ப வேண்டாம், ஏழு நாள் டப்பா வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிரப்புங்கள். சந்தேகம் வந்தால் கிளிக்லசைட்டை மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், இரண்டு முறை போட்டால் ஆபத்தாக இறங்கும்.

அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது நாட்டு மருந்து, மஞ்சள் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பி12, தைராய்டு, இரத்தச் சோகை, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகம், சோடியம் ஆகிய சோதனைகளைக் கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், அல்லது மனம் வாரக்கணக்கில் சோர்ந்திருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெரிந்த பாதையில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, எடைச் சீட்டுக் கணக்கு வழக்கத்துக்கு மாறாகக் குழம்புவது, கூப்பிட்டும் காதில் விழாமல் ஒரு நிமிடம் வெறித்துப் பார்ப்பது: இவற்றில் ஒன்றை வீட்டாரோ கூட வேலை செய்பவர்களோ கவனித்தால், காத்திருக்காமல் காட்டுங்கள். சில மணி நேரத்துக்குள் திடீரென்று குழப்பம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.