அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் ஏன் குடியரசுக் கட்சியோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களுக்கு உறுத்தலே இல்லையா?

இருக்கிறது. (இவாஞ்சலிக்கல் என்றால் வேதாகமத்தின் அதிகாரத்தையும், மனந்திரும்பி 'மறுபடியும் பிறப்பதையும்' அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்.) பதினாறு வருடமாக டெக்சாஸில், ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு பாப்டிஸ்ட் சபையில் அங்கத்தினராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம். வேலை, பிரசவ வார்டில் நர்ஸ். இந்த மக்களோடு சேர்ந்து திருவிருந்து எடுக்கிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் மேல் எனக்குப் பாசம் உண்டு, கோபமும் உண்டு.

2017 ஜனவரியில் எங்கள் சபை ஒரு காங்கோ அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுத்தது. தகப்பன், தாய், நான்கு பிள்ளைகள். பல வருடமாகத் தான்சானியாவில் முகாமில் இருந்தவர்கள். அவர்களுக்காகப் பிடித்த வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. சபை மூப்பர் ஒருவர், அப்போதே எழுபது வயது, சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை நானும் என் கணவரும். படி திரும்புகிற இடத்தில் சோபா மாட்டிக்கொண்டது. அவர் படியிலேயே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நான்கு கால்களையும் கழற்றி, எது எந்த மூலைக்கு என்று பென்சிலால் எண் போட்டார். சமையலறையில் நான் அரிசி கொட்டிக்கொண்டிருந்தபோது வந்து, "இவர்கள் சாப்பிடுவது இந்த அரிசிதானா, வேறு வாங்க வேண்டுமா?" என்று கேட்டார்.

ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் அகதிகள் வருகையை 120 நாட்களுக்கு நிறுத்தி ஆணை போட்டார். மூப்பர் நவம்பரில் ஓட்டுப் போட்டது டிரம்புக்குத்தான். நீதிமன்றங்கள் குறுக்கிட்டதால் அந்தக் குடும்பம் மார்ச்சில் எப்படியோ வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன், ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று. "நீதிபதிகளுக்காக" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்து அந்த இடம் காலியாக இருந்தது. டிரம்ப் அந்த இடத்தையும் சேர்த்து மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய 1973ஆம் வருடத் தீர்ப்பு ரத்தானது. அந்த ஞாயிறு ஆராதனையில் மூப்பர் முழங்காலில் நின்று அழுதார். அது நடிப்பு இல்லை. இருபத்துமூன்று வாரத்தில் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தியவள் நான். கருக்கலைப்பை என்னாலும் ஏற்க முடியாது. இந்த வேதனையை வெறும் கட்சி வேஷம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இந்த மக்களைப் புரியவே புரியாது.

ஆனால் இந்த உறவு அந்த வேதனையில் மட்டும் தொடங்கவில்லை. 1971இல் செயின்ட் லூயிஸில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் (அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் மிகப் பெரிய கூட்டமைப்பு), கற்பழிப்பு, கருவில் கடும் குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எங்கள் சபையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அதே காலத்தில் சபைகளை உண்மையிலேயே கொதிக்க வைத்தது இன்னொரு விஷயம்: வெள்ளைப் பிள்ளைகளை மட்டும் சேர்த்த தனியார் பள்ளிகளின் வரிவிலக்கை அரசு பறிக்கத் தொடங்கியது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிக்கக்கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டே வரிவிலக்கைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போய், 1983இல் தோற்றது. அந்த விதியைக் கைவிட்டது 2000இல்தான். வலதுசாரி இயக்கத்தின் வேர் இந்தப் பள்ளிச் சண்டையில்தான் என்று வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் வாதிடுகிறார். எல்லா ஆய்வாளரும் அதை அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. எனக்கும் இரண்டு நீரோடைகளும் கலந்தே வந்தன என்றுதான் படுகிறது. ஆனால் பள்ளிக் கதையை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நேர்மை இல்லை.

ஜெரி ஃபால்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜினியாவில் லின்ச்பர்க் ஊர்ப் போதகர். 1965இல், கறுப்பினப் போதகர்கள் உரிமைக்காக ஊர்வலம் போனபோது, போதகனுக்கு வேலை ஆத்தும ஆதாயம் (ஆட்களை விசுவாசத்துக்குள் கொண்டுவருவது), அரசியல் இல்லை என்று பிரசங்கம் பண்ணினார். 1979இல் அவரே 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார்.

அடுத்த வருடத் தேர்தலில் நடந்தது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் எங்களைப் போலவே பாப்டிஸ்ட். மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்னவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஜார்ஜியாவில் தன் கிராமத்துச் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்தவர். எதிரே நின்ற குடியரசுக் கட்சியின் ரேகன் சினிமா நடிகர், விவாகரத்து ஆனவர், கலிஃபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர். (பிற்பாடு அதற்காக வருந்தினார்.) இவாஞ்சலிக்கல் ஓட்டு ரேகனுக்குப் போனது. அம்மாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது, "மக்ளே, அங்க உள்ளவங்க எல்லாம் விசுவாசிகள்னுதானே சொன்ன? சண்டே கிளாஸ் எடுக்கிறவரை விட்டுட்டா போட்டாங்க?" என்றார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. கார்ட்டர் ஆட்சியில் விலைவாசி, ஈரான் பணயக்கைதிகள் என்று வேறு காரணங்களும் இருந்தன, உண்மைதான். ஆனால் 'விசுவாசமுள்ள தலைவன் வேண்டும்' என்ற பேச்சு அங்கேயே சாயம் போய்விட்டது.

எச்சரித்தவர் இல்லாமல் இல்லை. உலகப் புகழ்பெற்ற நற்செய்தியாளர் பில்லி கிரஹாம், அதிபர் நிக்சனோடு நெருங்கிப் பழகி, அவரைப் பதவியிழக்க வைத்த வாட்டர்கேட் ஊழலில் சூடு பட்டவர். 1981இல் ஒரு பேட்டியில், மத அடிப்படைவாதிகளுக்கும் அரசியல் வலதுசாரிகளுக்கும் கல்யாணம் நடந்தால் அது தனக்குக் கலக்கம் தரும், தீவிர வலதுசாரிகளுக்கு மதத்தின் மேல் இருக்கும் அக்கறை அதைப் பயன்படுத்திக்கொள்வதற்கு மட்டும்தான் என்ற பொருளில் சொன்னார். கல்யாணம் நடந்தேவிட்டது.

அதிபர் கிளின்டனின் கள்ள உறவு விவகாரம் நாறிய 1998இல், தலைவர்களின் ஒழுக்கக்கேட்டைச் சகித்தால் சமுதாயத்தின் மனசாட்சியே மரத்துப்போகும் என்று சதர்ன் பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம், இன்றும் ஒரு வரி மாற்றாமல் நான் கையெழுத்திடுவேன். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய தலைவர் பொதுப்பணியை நேர்மையாகச் செய்ய முடியுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2011இல் கேட்டபோது, முடியும் என்ற வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 30%. 2016இல் 72%. அந்த ஐந்து வருடத்தில் வேதாகமம் மாறவில்லை. மாறியது வேட்பாளர்.

நீங்கள் 'முரண்பாடு' என்று சொல்வதை நான் இங்கேதான் பார்க்கிறேன். விசுவாசி அரசியலுக்கு வருவது தப்பில்லை. அடிமைத்தனத்தை ஒழிக்கவும் வந்தார்கள். எது பாவம், எது பாவம் இல்லை என்பதைக் கட்சியிடமிருந்து சபை கற்றுக்கொள்ளத் தொடங்கியதுதான் கேடு. டிரம்பை ஆதரித்த போதகர்கள் சிலர் அவரை வேதாகமத்தில் வரும் பெர்சிய மன்னன் கோரேசு ராஜாவுக்கு ஒப்பிட்டார்கள்: தேவனை அறியாதவன், ஆனாலும் தேவன் பயன்படுத்தினார் என்று. சரி, அப்படியே இருக்கட்டும். பாவம் செய்த தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன தீர்க்கதரிசி நாத்தானும் அதே வேதத்தில்தானே இருக்கிறான்? 2019 டிசம்பரில் 'கிறிஸ்டியானிட்டி டுடே' ஆசிரியர் மார்க் காலி, டிரம்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். பில்லி கிரஹாமே ஆரம்பித்த பத்திரிகை அது. உடனே பெருந்தலைவர்கள் கிட்டத்தட்ட இருநூறு பேர் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். சதர்ன் பாப்டிஸ்டுகளின் பொதுநெறி அமைப்புக்குத் தலைவராக இருந்த ரஸல் மூர் 2021இல் அந்தப் பொறுப்பை விட்டு வெளியே போய்விட்டார்.

2024இல் இன்னொரு திருப்பம். குடியரசுக் கட்சி தன் கொள்கை அறிக்கையில், நாடு முழுவதுக்குமான கருக்கலைப்புத் தடை என்ற பழைய கோரிக்கையை விட்டுவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நீதிபதிகளுக்காக ஓட்டுப் போட்டவர்கள் இதற்குக் கொந்தளித்திருக்க வேண்டும். ஒரு சில தலைவர்கள் கண்டித்தார்கள். நவம்பரில் பத்தில் எட்டு வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் வழக்கம்போல அதே கட்சிக்குப் போட்டார்கள்.

இதெல்லாம் உபதேசத்தால் வந்தது என்றும் நினைக்கவேண்டாம். என் வார்டில் ஒரு கறுப்பின நர்ஸ், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் பாப்டிஸ்ட், அதே வேதம், அதே ஞானஸ்நானம், அதே பாட்டுகள். இரவுப் பணியில் எனக்கு முன்னாலேயே தாய்மார்களுக்காக ஜெபிப்பவர். வாழ்க்கையில் ஒருமுறையும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. அவர் சபையில் எல்லோரும் அப்படித்தான்.

அந்தக் காங்கோ குடும்பம் இப்போது எங்கள் சபையில் மூன்றாம் வரிசையில் உட்காருகிறது. தாயின் தங்கை குடும்பம் இன்னும் முகாமில். அவர்களுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, 2025 பிப்ரவரிக்கு விமான டிக்கெட் போட்டாயிற்று. ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அகதிகள் வருகை மறுபடி நிறுத்தப்பட்டது. டிக்கெட் ரத்து. மேடையிலிருந்து இதைப் பற்றி ஒரு வாக்கியமாவது பேசுங்கள் என்று போதகரைக் கேட்டேன். சபை இரண்டாகப் போய்விடும் என்றார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மூப்பர் அந்தத் தங்கையின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். யார் நிறுத்தினார்கள் என்பது ஜெபத்தில் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் என் கதவுப் பக்கம் வந்து நின்றார். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது, கை கொஞ்சம் நடுங்குகிறது. தன் காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், இதுவரை யாருக்கும் அப்படி எழுதியதில்லை என்றும் சொல்லி, மடித்த தாளை நீட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்கு எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஓர் எழுத்து தப்பாக இருந்தது. காரின் பானட் மேல் தாளை வைத்துத் திருத்திக் கொடுத்தேன்.